தலைக்கனத் தொழில்நுட்பம்

2023 பிப்ரவரி 19 அன்று பட்டிப்புலத்திலிருந்து மாணவர்களின் 150 குட்டிச் செயற்கைக்கோள்கள் ராக்கெட்டில் கிளம்பின. 2024 ஆகஸ்டில் திருவிடந்தையிலிருந்து ரூமி-1 ராக்கெட். கிழக்குக் கடற்கரைச் சாலையில் அடுத்த முறை மரக்காணத்துக்குத்தான். ஆனால் ராக்கெட் ஏன் இன்னும் பென்சில் மாதிரியே இருக்கவேண்டும்? தலைவர் கட்-அவுட் வடிவில் செய்யலாமே! தட்டை உருவம் நேராகப் பறக்காது என்பார்கள். பறக்கும் தட்டு, பிரமிடு வடிவ மாதிரி ராக்கெட்டுகளே பறக்கின்றன. ஒரே நிபந்தனை, அழுத்த மையத்துக்கு மேலே ஈர்ப்பு மையம் இருக்கவேண்டும். அதற்காக மூக்கில் களிமண் அப்புவார்கள். நமக்கு அந்தச் செலவும் இல்லை, தலைக்கனம் கூடவே வருகிறது. மரக்காணம் உப்பளத்தில் விழுந்தால்? ஓலை மூடிய குவியலுக்கு ஒன்றும் ஆகாது. மழைக்காலத்தில் பாத்தியில் வேலையில்லாதவர்கள் வேடிக்கை பார்க்கலாம். இடிப்பது பாராசூட் ஒன்றுதான். உச்சியைத் தொட்டதும் அது விரிந்து, கீழே இறங்கவேண்டுமாம். அந்த உருவத்துக்கு இறங்கிப் பழக்கமில்லை.