கறுப்புச் சட்டைக்காரர்களா?

கேள்வி: 1620-இல் மேஃபிளவர் கப்பலில் அமெரிக்கா போய்க் குடியேறியவர்கள், படங்களில் எல்லாரும் கறுப்பு உடையும் பக்கிள் வைத்த தொப்பியுமாக எழவு வீட்டுக்குக் கிளம்பியவர்கள் மாதிரி இருக்கிறார்களே?
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: அது பிற்கால ஓவியர்கள் மாட்டிவிட்ட உடுப்பு. அவர்கள் அமைத்த பிளிமத் குடியேற்றத்தின் ஆளுநர் வில்லியம் பிராட்ஃபோர்ட் 1657-இல் காலமானதும் எடுத்த சொத்துப் பட்டியலில் சிவப்பு வெயிஸ்ட்கோட்டும் பழைய ஊதா மேலங்கியும் இருக்கின்றன. மதப் பெரியவர் புரூஸ்டரின் பட்டியலிலோ பச்சை டிராயர்! (ஆம், பழந்துணியும் சொத்துதான், துணி அவ்வளவு விலை.) அடர்கறுப்புச் சாயத்துக்குச் செலவு அதிகம். அன்றாடத்துக்குக் கம்பளியும் லினனும்தான். பக்கத்து மாசசூசெட்ஸில் 1651-இல் ஒரு சட்டமே வந்தது: 200 பவுண்டு சொத்து இல்லாதவர்கள் பொன், வெள்ளிச் சரிகை அணியக்கூடாது. ஆசை இருந்ததால்தானே தடை? பக்கிளா? செருப்புக்கே அந்த மோஸ்தர் பிறகுதான் வந்தது. அவர்கள் கட்டியது நாடா.