அக்கரப்பத்தனைச் சபைகளுக்கு ஒரு பாராட்டுப் பத்திரம்

ஒரே ஆள் இரண்டு எஜமான்களுக்கு வேலை செய்ய முடியாது என்று கலிலேயாவில் சொன்னவர், தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த எங்கள் அக்கரப்பத்தனைக்கு வந்து பார்க்காமல் சொல்லிவிட்டார் என்றே நினைக்க வேண்டியிருக்கிறது. நாங்கள் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் கர்த்தருக்கும், சனிக்கிழமை தலவாக்கலைக் கடைத்தெருவில் பணத்துக்கும் குறையில்லாமல் வேலை செய்கிறோம். ஞாயிற்றுக்கிழமை இருவரையும் ஒரே மேடையில் உட்காரவைத்து மாலையும் போடுகிறோம். இந்தச் சாதனையைப் பாராட்ட ஆளில்லையே என்ற குறையை இன்றைக்குத் தீர்த்துவிடலாம்.

முதலில் எங்கள் ஜனங்களின் திருப்தி. சுற்றியிருக்கும் தோட்டங்களின் பெயர்களைப் பாருங்கள்: கிளாஸ்கோ, ஹோல்புரூக், டொரிங்டன், பெல்மோரல், சென்றிங்ஹாம். கடைசி இரண்டும் பிரித்தானிய அரச குடும்பத்தின் மாளிகைகளுக்கு உள்ள பெயர்கள். ராஜா விடுமுறைக்குப் போய்த் தங்குகிற இடத்தில் எங்கள் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக நிரந்தரமாகவே குடியிருக்கிறார்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா, முன்னால் ஒரு இஸ்தோப்பு, லயம் என்ற அறை வரிசை முழுவதற்கும் ஒரே தகரக் கூரை. மாளிகையில் இருப்பவனுக்குக் காணி உறுதி எதற்கு? உள்ளதே போதும் என்று போதகர் சொன்னால் ஆமென் சொல்வதுதானே முறை?

இந்தத் திருப்திக்கு நீண்ட வரலாறு உண்டு. 1854இல் கண்டியில் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியபோது அதற்குத் துணை நின்றவர்களில் கோப்பித் தோட்டத் துரைமாரும் இருந்தார்கள். வேலைப் பங்கீடு நேர்த்தியானது. தொழிலாளியின் ஆத்துமாவை மிஷன் பார்த்துக்கொண்டது, அவனுடைய கடன் கணக்கைக் கங்காணி பார்த்துக்கொண்டார். ஒருவர் எல்லைக்குள் மற்றவர் கால் வைக்கவில்லை. கோப்பி நோயில் அழிந்தது, தேயிலை வந்தது, துரைமார் போய்க் கம்பனிகள் வந்தன. அந்த எல்லைக்கோட்டை மட்டும் சபை இன்றுவரை அழியாமல் காத்து வருகிறது.

உதாரணத்துக்குத் தோட்டத் தொழிலாளரின் சம்பளக் கதை. நாளுக்கு 1,000 ரூபா வேண்டும் என்று 2015இல் எழுந்த கோரிக்கை 2021 மார்ச்சில்தான் வர்த்தமானியில் ஏறியது. ஆறு வருஷப் பொறுமை! யோபுவை உதாரணம் காட்டிக்கொண்டிருந்த பிரசங்கிமார் இனி எங்களையே காட்டலாம். அடுத்த வருஷமே 200 ரூபாவாக இருந்த டொலர் 360ஐத் தொட்டது, ஆயிரத்தின் பெறுமதி கரைந்தது, மா விலை ஏறியதில் ரொட்டி சிறுத்தது. 2024இல் 1,700 என்று வர்த்தமானி வந்தது, கம்பனிகள் நீதிமன்றம் போயின, அந்த வருஷம் 1,350இல் வந்து நின்றது. பறித்த கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், என்பது தனிக்கணக்கு. இவ்வளவுக்கும் நடுவில், பணத்தில் இல்லை சமாதானம் என்று ஞாயிறுதோறும் எங்களுக்கு நினைவூட்டத் தவறாத மேடைகளை எப்படிப் புகழ்வது? பவுல் மனரம்மியமாக இருக்கக் கற்றுக்கொண்டதைச் சிறையிலிருந்து எழுதினார். அவர் கற்றது தன் வயிற்றுக்கு. நாங்கள் அதை முன்னேற்றி, அடுத்தவன் வயிற்றுக்கும் கற்றுக்கொடுக்கிறோம்.

சுவிசேஷத்தில் சம்பளத்தைப் பற்றி நேராக ஒரு புத்திமதி உண்டு. உங்கள் சம்பளத்தோடு திருப்தியாக இருங்கள் என்று யோவான் ஸ்நானகன் சொன்னதாக லூக்கா எழுதியிருக்கிறார். சொன்னது போர்ச்சேவகருக்கு, அதாவது கையில் ஆயுதம் வைத்துக்கொண்டு ஏழைகளை மிரட்டிப் பிடுங்கக்கூடியவர்களுக்கு. அந்த வசனத்தைச் சேவகர் கையிலிருந்து வாங்கி, கூடை சுமக்கிறவள் முதுகில் மாற்றி ஏற்றியது சாதாரண வேலையில்லை. வயல் அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு ஐந்தாம் அதிகாரத்தில் ஒரு பகுதி கிடக்கிறது. வேதாகமத்தில் அந்தப் பக்கம் எங்கள் ஊரில் புதுசாகவே இருக்கும். விரல் படாமல் பேணியிருக்கிறோம்.

ஆனால் எங்கள் மேடை திருப்தியை மட்டும் போதிக்கும் ஒற்றைக்கண் மேடை அல்ல. சம்பளத்துக்குப் போதும் என்ற மனம் வேண்டும், கடைக்கு அது வேண்டியதில்லை. பிரசங்கம் முடிந்து சாட்சி நேரம் வந்தால் தெரியும். நடந்து வந்த என்னைக் கர்த்தர் த்ரீவீலரில் வரவைத்தார் என்று ஒரு சகோதரர் கண்கலங்குவார், சபை கைதட்டும். ஆசீர்வாதத்துக்கு மாதத் தவணை இருப்பதைச் சாட்சியில் யாரும் சொல்வதில்லை. அது கர்த்தருக்கும் லீசிங் கம்பனிக்கும் உள்ள விஷயம். தவணை தவறி வண்டியைத் தூக்கிக்கொண்டு போனால் அது சாத்தானின் வேலை. இவ்வளவு தெளிவான இறையியலைப் பெரிய செமினரிகளிலும் காண்பது கடினம்.

குழுக்கடனைப் பாருங்கள். ஒருத்தி வாங்க, மற்றவர்கள் பிணை நிற்கிறார்கள். ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கும் அன்பு எருசலேம் சபைக்குப் பிறகு லயத்து வாசலில்தான் உயிரோடு இருக்கிறது. அவர்கள் இருந்ததை விற்றுப் பொதுவில் வைத்தார்கள், நாங்கள் இல்லாததை வாங்கிக் கடனைப் பொதுவில் வைக்கிறோம். கிழமைக்கு ஒருநாள் தவணை எடுக்க ஆள் வருகிற நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே முழங்காலில் நிற்பவர்களையும் சேர்த்தால், ஜெபத்தில் எங்களை மிஞ்ச ஆளில்லை.

கிறிஸ்மஸ் வந்தால் இன்னும் விசேஷம். தோட்டத்தில் அட்வான்ஸ், கடையில் கழிவு விலை, அடகுக் கடையில் தாலிக்கொடி. தாய் குவைத்தில் யாருடைய பிள்ளையையோ குளிப்பாட்டிக்கொண்டிருக்க, அவள் அனுப்பிய காசில் வந்த பெரிய டிவிக்கு முன்னால் அவள் பிள்ளைகள் அம்மாச்சியோடு உட்கார்ந்து பெத்லகேம் படம் பார்க்கிறார்கள். தொழுவத்தில் தாயும் பிள்ளையும் ஒரே இடத்தில் இருந்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் அவர்களிடம் டிவி இல்லையே.

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோம். எல்லையைப் பெருகப்பண்ணுவேன், தலையாக்குவேன், நிரம்பி வழியப்பண்ணுவேன் என்கிற ரகம்தான் வரும். உனக்குள்ளதை விற்றுத் தரித்திரருக்குக் கொடு என்ற அட்டை எவர் கையிலும் சிக்கியதில்லை. அச்சடிப்பவருக்கு ஜனங்களின் மனம் தெரிந்திருக்கிறது. பணத்தைப் பற்றி வெஸ்லி மூன்று விதி சொன்னார்: முடிந்தவரை சம்பாதி, முடிந்தவரை சேமி, முடிந்தவரை கொடு. அவர் வழிவந்த மிஷனரிமார் 1814இல் இலங்கைக்கு வந்திறங்கினார்கள். நாங்கள் வெஸ்லியின் மூன்றாம் விதியைக் காலத்துக்கேற்பத் திருத்தி, கொடுப்பதை விதைப்பு என்று ஆக்கியிருக்கிறோம். விதைத்தால் நூறாக முளைக்கும் என்பதால் காணிக்கைப் பையே இப்போது ஒரு முதலீடு. பவுண்டு கணக்கில் வாழ்ந்த வெஸ்லிக்கு இந்த நுட்பம் பிடிபட்டிருக்காது.

புதிய சவுண்ட் சிஸ்டத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. கீபோட் ஒரு தட்டுத் தட்டினால் எதிர்மலையில் கேட்கிறது. தோட்ட நிர்வாகியின் பங்களாவுக்கு மட்டும் எதுவும் கேட்டதில்லை.

இந்தப் பாராட்டில் சேர்க்க முடியாத ஒருவரைப் பற்றியும் வருத்தத்தோடு எழுதவேண்டியிருக்கிறது. போல் கஸ்பர்ஸ் என்ற யேசுசபைத் துறவி. ஒக்ஸ்ஃபோர்டில் படித்தவர், சொந்தமாக ஒன்றும் வைத்துக்கொள்வதில்லை என்று வார்த்தைப்பாடு கொடுத்தவர். அத்தோடு நின்றிருந்தால் நல்ல மனுஷன். 1972இல் கண்டியில் சத்தியோதயம் என்ற நிலையத்தைத் தொடங்கி, தோட்டத்து ஆட்களுக்குக் குடியுரிமை இல்லை, கூலி காணாது, லயம் மனுஷர் இருக்கிற இடமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். தனக்கென்றால் எதுவும் போதும், தொழிலாளிக்கென்றால் எதுவும் போதாது. நாங்கள் கட்டிக்காத்த முறையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு 2017இல் சாகும்வரை திருந்தவேயில்லை. அவரைப்போல் தோட்டம் தோட்டமாக அலைந்து ஜனங்களின் திருப்தியைக் கெடுத்த துறவிகளும் போதகர்களும் இன்னும் சிலர் உண்டு. நல்லவேளை, அதிகம் இல்லை.

ஆகவே எங்கள் போதகர்மாரிடம் கடைசியாக ஒரு வேண்டுகோள். அடுத்த அறுப்பின் பண்டிகை வரும். பூசணிக்காயும் லீக்ஸும் ஏலத்துக்குப் போகும், காய்கறி விளைவித்தவரே கடைவிலையைவிட நாலு மடங்கு கேட்டு எடுப்பார், எல்லாரும் மகிழ்ச்சியாக இருப்பார்கள். அறுப்பு என்றவுடன் ஞாபகத்துக்கு வந்து யாக்கோபு ஐந்தாம் அதிகாரத்தைத் தயவுசெய்து வாசித்துவிடாதீர்கள். வாசித்தால் ஜனங்கள் வீட்டுக்குப் போய்ச் சம்பளச் சிட்டையை எடுத்துப் பார்ப்பார்கள். பக்கத்திலேயே லீசிங் புத்தகமும் இருக்கும். இரண்டையும் ஒன்றாக வைத்துப் படித்தவர்கள் மறுவாரம் ஆமென் சொல்வார்களா என்பதற்கு யாரும் உத்தரவாதம் தரமுடியாது.