குளிர் காயும் கப்பலூரார்

புதுவீடு கட்டுகிறவர்களில் ஒரு ரகம் உண்டு. பிளான் போடுவதற்கு முன்பே, ஊரில் யார் வீட்டிலும் இல்லாத எது நம் வீட்டில் இருக்க வேண்டும் என்று முடிவுபண்ணிவிடுவார்கள். நம் கப்பலூர்க்காரருக்கு அது கேஸில் எரியும் ஃபயர்பிளேஸ். அதிலும் மூன்று பக்கம் கண்ணாடி. ஹாலிலிருந்து தெரிய வேண்டும், சாப்பிடும்போது தெரிய வேண்டும், முக்கியமாக சகலை உள்ளே நுழையும்போது தெரிய வேண்டும்.

சிட்கோ தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். சட்டைப்பையில் எந்நேரமும் வெர்னியர். டோல்கேட்டில் ஆதாரை நீட்டி, "நாங்க உள்ளூரு" என்று அரைமணி நேரம் மல்லுக்கட்டுவாரே ஒழிய, ஒரு ரூபாய் விடமாட்டார். அப்பேர்ப்பட்டவரைக் கவிழ்த்தது கொடைக்கானல் ஓட்டல் ஒன்றின் வரவேற்பறையில் எரிந்த கணப்பு. ஏழாயிரம் அடி உயரத்தில் அது நியாயம். மதுரைச் சமவெளியில் மார்கழி விடியலில் மின்விசிறியை ஒரு புள்ளி குறைப்போம், அவ்வளவுதான் நம் குளிர்காலம்.

எஞ்சினியர் பையன் தயங்கித் தயங்கிச் சொன்னான். "சார், இது ஏழு கிலோவாட் அடுப்பு. ஒன்றரை டன் ஏசி முழுசா ஓடினாலும் அஞ்சு கிலோவாட் சூட்டைத்தான் வெளிய தள்ளும்."

"அப்ப ரெண்டு ஏசியாப் போடுங்க தம்பி."

"விடாம எரிச்சா 14.2 கிலோ சிலிண்டர் ஒரு நாள்தான் சார் வரும்."

"சிலிண்டர் நிரப்புற ஆலையே நம்ம ஊர்லதானப்பா இருக்கு!" ஏதோ அங்கிருந்து வீட்டுக்கு நேராகக் குழாய் போட்டுத் தரப்போகிறார்கள் என்கிற தோரணை.

அக்கினி மூலையில் ஏற்கெனவே சமையலறை இருப்பதால், இன்னொரு நெருப்பு ஆகாது என்றார் வாஸ்துக்காரர். கவர் கைமாறியதும், எரியாத நேரத்தில் அது அலமாரிக் கணக்கில்தான் வரும் என்று சாஸ்திரத்துக்குள்ளேயே ஒரு சந்து கண்டுபிடித்துக் கொடுத்தார்.

வெள்ளோட்டம் பட்டறையில் நடந்தது. ஸ்டீல் குழாயில் வரிசையாகத் துளைபோட்டு, சுற்றிக் கண்ணாடி நிறுத்திப் பற்றவைத்தார்கள். விரற்கடை உயரத்துக்கு நீலச் சுடர், மத்தியான வெளிச்சத்தில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. அவர் முகம் தொங்கிவிட்டது. "என்னப்பா இது, வீட்டு ஸ்டவ்வு மாதிரில இருக்கு!"

காற்றைக் குறைத்தால் மஞ்சளாகும் என்றார் போர்மேன். குறைத்தார்கள். வந்தது மஞ்சள், முழ உயரத்துக்கு நெளிந்து நெளிந்து. காற்று போதாமல் எரிந்தால் கரியும் வரத்தானே செய்யும்? மேல்விளிம்பில் மையாகப் பிடித்தது, கொஞ்ச நேரத்தில் மூன்று கண்ணாடியையும் மூடிவிட்டது. நம்மாள் அதைக் கவனிக்கவில்லை. சுடர் எத்தனை மில்லிமீட்டர் என்று வெர்னியரை நீட்டி அளந்துகொண்டிருந்தார். பட்டென்று ஒரு கண்ணாடி விரிசல் விட்ட பிறகுதான் பின்வாங்கினார்.

"இதுக்கு செராமிக் கண்ணாடி வேணும் சார், அதுதான் சூட்டுல விரியாது" என்றான் எஞ்சினியர். "அதுலயும் கை பட்டாப் பொசுங்கிரும். அமெரிக்காவுல 2015லருந்து முன்னாடி தடுப்புவலை கட்டாயம்."

"வலையப் போட்டு மறைக்கிறதுக்கா இம்புட்டுச் செலவு பண்றேன்?"

அவருடைய அம்மா இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏய்யா, அதுல ஒரு கத்திரிக்காயாச்சும் சுடலாமா?"

"மூடியிருக்கும்மா. சுட முடியாது."

"வெந்நி?"

"ம்ஹூம்."

"பெறகு எதுக்குய்யா?"

"பாக்குறதுக்கும்மா."

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். "சரி, பால் காய்ச்சுற அன்னைக்கு மட்டும் அத அமத்தி வையி. சித்திரை வெயிலு. வர்றவுக மயங்கி விழுந்துரப் போறாக."

"அன்னைக்குத்தாம்மா எரியணும். பத்திரிகையே அடிச்சாச்சு. பதினோரு மணிக்குத் தாய்மாமன் சுவிட்ச் போடுறாரு."