சிலேட்டும் வேதப் புத்தகமும்: கேள்வி–பதில்

கேள்வி: மிஷனரிகள் ஆப்பிரிக்காவுக்கு மதம் பரப்பத்தான் போனார்கள். போன இடமெல்லாம் பள்ளிக்கூடம் எதற்கு?
– கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

பதில்: வேதத்தை ஒவ்வொருவரும் தாமே வாசிக்க வேண்டும் என்பது சீர்திருத்தச் சபைகளின் அடிப்படை. வாசிக்க எழுத்து தெரிய வேண்டும். எழுத்தைச் சொல்லிக்கொடுக்கப் பள்ளி வேண்டும். பல இடங்களில் அதற்கும் முன்னால், ஊர் மொழிக்கே ஓர் எழுத்துமுறை வேண்டியிருந்தது. தென்னாப்பிரிக்காவின் குருமானில் தங்கிய ராபர்ட் மொஃபட், செட்ஸ்வானா மொழியைக் கற்று மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1840-இல் வெளிவந்தது. 1857-இல் முழு வேதாகமமும் குருமானிலேயே அச்சாகி முடிந்தது. ஆனால் வேதம் வாசிக்கக் கற்றவர் வரிச் சீட்டையும் வாசிப்பார். நிலப் பத்திரத்தையும் செய்தித்தாளையும் வாசிப்பார். எதை வாசிப்பது என்பதை அவரேதான் முடிவு செய்வார். கீழே வரும் பதில்களுக்கெல்லாம் வேர் இதுதான்.

கேள்வி: மிஷனரி டேவிட் லிவிங்ஸ்டன் எத்தனை பேரை மதம் மாற்றினார்?
– ஓய்வுபெற்ற தபால்காரர், கும்பகோணம்

பதில்: வரலாறு பெயர் சொல்வது ஒருவரைத்தான்: பக்வேனா மக்களின் தலைவர் செச்செலே. எழுத்துகளைப் பிடித்துக்கொள்வதில் அவருக்கிருந்த வேகத்தைப் பார்த்து லிவிங்ஸ்டனே வியந்தார். 1848-இல் ஞானஸ்நானம் பெறுவதற்காக, ஒருத்தியைத் தவிர மற்ற மனைவியரை விலக்கினார் செச்செலே. பிறகு அவர்களில் ஒருத்தியோடு உறவு தொடர்ந்தது தெரிந்ததும், லிவிங்ஸ்டன் அவரைத் திருவிருந்திலிருந்து ஒதுக்கிவைத்தார். கொஞ்ச காலத்தில் வேறு திசைக்குப் பயணமும் போய்விட்டார். செச்செலே ஊரிலேயே இருந்து பிரசங்கம் செய்தார், படிக்கக் கற்றுக்கொடுத்தார். பயணியின் பெயர் உலகத்துக்கே தெரியும். வேலையைச் செய்து முடித்தவர் செச்செலே.

கேள்வி: கிராமத்து மிஷன் பள்ளி எப்படி இருக்கும்?
– தொடக்கப்பள்ளி ஆசிரியை, திண்டுக்கல்

பதில்: மண் சுவர், புல் கூரை, உட்காரத் தரை அல்லது மரக்கட்டை. பெரும்பாலும் ஊர்க்காரர்களே கட்டியது. எழுதச் சிலேட்டு, அது இல்லாத இடத்தில் மணல். வாசிப்பு, எழுத்து, கணக்கு, ஞானோபதேசம், பாட்டு, கொஞ்சம் தோட்ட வேலை. இரண்டு மூன்று வருடத்தில் அந்தப் படிப்பு முடிந்துவிடும். கெட்டிக்காரப் பிள்ளைகளில் சிலர் மட்டும் மைல் கணக்கில் நடந்து, தலைமை மிஷன் நிலையத்து விடுதிப் பள்ளிக்குப் போவார்கள்.

ஆசிரியரைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல ஆசைப்படுகிறேன். ஆயிரக்கணக்கான அந்தச் சிறு பள்ளிகளை நடத்தியவர்கள் வெள்ளைக்காரர்கள் அல்லர். முந்தின வருடம் தாமே படித்து முடித்த உள்ளூர் இளைஞர்கள். வாரநாளில் வாத்தியார், ஞாயிற்றுக்கிழமை உபதேசியார், சம்பளம் சொற்பம். தாய்ச் சபைக்குப் போன அறிக்கைகளில் மிஷனரியின் பெயர் இருந்தது. வகுப்பில் நின்றவர் இவர். ஆப்பிரிக்கக் கிராமத்துக் கல்விக்கு நன்றி சொல்வதானால் முதல் நன்றி இவருக்கே உரியது.

கேள்வி: இதற்கும் நம்ம ஊருக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?
– வாசகர், தாம்பரம்

பதில்: இரண்டு உண்டு. சென்னை எழும்பூரில் 1789 முதல் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான விடுதியை நடத்தியவர் ஆண்ட்ரூ பெல். இந்நாட்டுப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் சட்டாம்பிள்ளை ஏற்பாட்டைத் தம் பள்ளியில் வளர்த்தெடுத்தார். 1797-இல் அதைப் பற்றி எழுதினார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரோடு அது இங்கிலாந்துக்குப் போய், மிஷன் பள்ளிகள் வழியாக ஆப்பிரிக்காவையும் சேர்ந்தது. ஆசிரியர் குறைவு, பிள்ளைகள் அதிகம் என்ற நிலைக்கு அது பொருந்தியது.

இரண்டாவது உங்கள் ஊர்தான். 1938-இல் தாம்பரத்தில் உலக மிஷனரி மாநாடு நடந்தது. அதற்குத் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த பிரதிநிதிகளில் ஒருவர் ஆல்பர்ட் லுத்துலி. ஆடம்ஸ் கல்லூரி என்ற மிஷன் நிறுவனத்தில் ஆசிரியராக இருந்து, பிறகு கிராமத் தலைவரானவர். நிறவெறிக்கு எதிரான அறப்போராட்டத்துக்காக 1960-ஆம் ஆண்டின் அமைதி நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

கேள்வி: ஆப்பிரிக்கர்கள் யாரும் மிஷனரியாக உயரவில்லையா?
– நூலகர், தஞ்சாவூர்

பதில்: சாமுவேல் அஜாயி க்ரௌதர் உயர்ந்தார். யொருபா கிராமத்துச் சிறுவன். 1821-இல் அடிமை வேட்டைக்காரர்கள் பிடித்து விற்றார்கள். மறு வருடம் அடிமைக் கப்பலை மறித்த பிரிட்டிஷ் கடற்படை அவரை மீட்டு, சியரா லியோனில் இறக்கிவிட்டது. ஆறே மாதத்தில் வாசிக்கக் கற்றுச் சட்டாம்பிள்ளையானார். மாதச் சம்பளம் ஏழரைப் பென்ஸ். 1827-இல் ஃப்ரீடவுனில் தொடங்கிய ஃபூரா பே கல்லூரியின் முதல் மாணவர்களில் ஒருவர். யொருபா மொழிக்கு அகராதியும் வேத மொழிபெயர்ப்பும் தந்தார். 1864-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் ஆப்பிரிக்கப் பேராயர்.

முடிவு கசப்பானது. முதுமையில், ஐரோப்பாவிலிருந்து வந்த இளம் மிஷனரிகள் அவருடைய நிர்வாகத்தைக் குற்றம் சாட்டி, அவரது ஊழியர்களை நீக்கி, அவரை அவமதித்தார்கள். 1891-இல் இறந்தார், அவர் இடத்துக்கு ஒரு வெள்ளைக்காரரை நியமித்தார்கள். எல்லாரும் சமம் என்று பாடம் நடத்திய நிறுவனம், பாடத்தைக் கற்றவரைச் சமமாக உட்காரவைக்கத் தயங்கியது. ஆப்பிரிக்கர்கள் தனிச் சபைகளைத் தொடங்கியதற்கு இந்தக் காயமும் ஒரு காரணம்.

கேள்வி: மதம் மாறினால்தான் படிப்பு என்று கட்டாயப்படுத்தினார்களா?
– வழக்கறிஞர், சேலம்

பதில்: சட்டம் போட்டுக் கட்டாயப்படுத்தியது குறைவு. பள்ளிக்குள் வந்தால் ஜெபம் உண்டு, ஞானோபதேசம் உண்டு, புதுப் பெயரும் உண்டு. தென்னாப்பிரிக்காவின் கூனு கிராமத்துப் பள்ளியில் முதல் நாளே ரோலிஹ்லாஹ்லா மண்டேலா என்ற சிறுவனுக்கு ‘நெல்சன்’ என்று பெயர் வைத்தவர் ஓர் ஆப்பிரிக்க ஆசிரியை. பிள்ளையின் படிப்புக்குப் பெற்றோரின் நம்பிக்கையை விலையாகக் கேட்பது தவறு; இதில் எனக்கு இரண்டு கருத்தில்லை.

நாணயத்தின் மறுபக்கம் வடக்கு நைஜீரியா. முஸ்லிம் அமீர்களின் பகுதிக்குள் மிஷனரிகளை விடாமல் பிரிட்டிஷ் ஆட்சி கட்டுப்படுத்தியது. சரி, அரசாவது போதுமான பள்ளிகளைக் கட்டியதா? இல்லை. தெற்கே பள்ளிகள் பெருக, வடக்கு பின்தங்கியது. அந்த இடைவெளி இன்றும் மூடவில்லை. நம்பிக்கையை மதிப்பதும் பள்ளி கட்டுவதும் ஒன்றாக நடந்திருக்க வேண்டும்.

கேள்வி: மக்கள் எதிர்த்ததே இல்லையா?
– பத்திரிகையாளர், கோயம்புத்தூர்

பதில்: எதிர்த்தார்கள். எப்படி என்பதுதான் அழகு: கென்யாவின் கிகுயூ மக்கள் தாங்களே பள்ளி கட்டினார்கள். 1929-இல், பெண்களுக்கு உறுப்புச் சிதைவு செய்யும் சடங்கைக் கைவிடுவதாக உறுதிமொழி தர வேண்டும் என்று சில மிஷன்கள் சபையாரையும் ஆசிரியர்களையும் கேட்டன. பெருங்கூட்டம் வெளியேறியது. ஊர் ஊராகப் பணமும் உழைப்பும் போட்டுச் சுதந்திரப் பள்ளிகளை எழுப்பினார்கள். ஆசிரியர்களை உருவாக்க 1939-இல் கிதுங்குரியில் ஒரு கல்லூரியும் வந்தது.

அந்தச் சடங்கு பெண்ணின் உடலுக்கும் உயிருக்கும் கேடு என்பதில் மிஷன்கள் சொன்னது சரி. அந்நியர் ஆணையாக வந்ததால் அது பண்பாட்டுப் போராக மாறியது. கென்யப் பெண்களே முன்னின்று பல ஆண்டுகள் பேசிய பிறகு, 2011-இல் நாட்டின் சொந்த நாடாளுமன்றமே முழுத் தடைச் சட்டம் இயற்றியது.

கேள்வி: தாய்மொழியில் பேசினால் அடித்தார்களாமே?
– தமிழாசிரியர், விருதுநகர்

பதில்: அடித்தார்கள். கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோ தம் அனுபவத்தை எழுதியிருக்கிறார்: கிகுயூ மொழி பேசிப் பிடிபட்ட பிள்ளைக்குப் பிரம்படி, அல்லது கழுத்தில் இழிவுப் பலகை. ஆனால் காலத்தைக் கவனியுங்கள். அவர் முதலில் ஒரு மிஷன் பள்ளியிலும் பிறகு ஒரு சுதந்திரப் பள்ளியிலும் கிகுயூவில்தான் படித்தார். 1952-இல் நெருக்கடி நிலையை அறிவித்த காலனி அரசு, சுதந்திரப் பள்ளிகளைக் கைப்பற்றியபோதுதான் ஆங்கிலம் ஆட்சிக்கு வந்தது. தொடக்க வகுப்பைத் தாய்மொழியில் நடத்தியதற்கு மிஷன்களுக்கு நன்றி சொல்லலாம். மேலே ஏற ஏற ஆங்கிலமே ஏணி என்று ஆக்கியதற்கு அரசோடு சேர்த்து அவற்றையும் கேள்வி கேட்கலாம்.

கேள்வி: பெண் குழந்தைகளுக்கு என்ன கிடைத்தது?
– செவிலியர், வேலூர்

பதில்: தையலும் வீட்டு நிர்வாகமும் நிறையக் கிடைத்தன, அறிவியல் தாமதமாகக் கிடைத்தது. இருந்தும், தென்னாப்பிரிக்காவின் இனாண்டாவில் 1869-இலும், உகாண்டாவின் கயாசாவில் 1905-இலும் பெண்களுக்கென்றே விடுதிப் பள்ளி தொடங்கியது சிறிய காரியமல்ல.

கென்யாவின் வங்காரி மாத்தாயைப் பாருங்கள். தங்கை ஏன் பள்ளிக்குப் போகவில்லை என்று அண்ணன் கேட்டார்; அம்மா அனுப்பினார். கத்தோலிக்கச் சகோதரிகளின் விடுதிப் பள்ளி, லிமுருவில் லொரேட்டோ பள்ளி, 1960-இல் அமெரிக்கா, 1971-இல் நைரோபியில் முனைவர் பட்டம், மரம் நடும் இயக்கம், 2004-இல் அமைதி நோபல். சகோதரிகளின் உழைப்பு பெரிது. அவர்கள் கைக்கு அந்தப் பிள்ளை வந்துசேர வீட்டில் ஓர் அண்ணனின் கேள்வி தேவைப்பட்டது.

கேள்வி: மிஷன் பள்ளிகள் வெள்ளை ஆட்சிக்கு உதவினவா, ஊறு செய்தனவா?
– அரசு ஊழியர், மதுரை

பதில்: பெல்ஜிய காங்கோவில் உதவின. அங்கே கல்வியைக் கத்தோலிக்க மிஷன்களிடம் விட்டது அரசு. தொடக்கப்பள்ளிகள் ஏராளம், மேற்படிப்புக்கு மட்டும் கதவடைப்பு. 1960-இல் விடுதலை பெற்றபோது காங்கோவில் பட்டதாரிகள் முப்பது பேர்கூட இல்லை.

தென்னாப்பிரிக்காவில் ஊறு செய்தன. நிறவெறியை எதிர்த்த தலைவர்களில் மண்டேலா படித்தது மெதடிஸ்ட் பள்ளிகளில். ஆலிவர் டாம்போ படித்தது ஆங்கிலிக்கன் பள்ளிகளில். அதனால்தான் நிறவெறி அரசு 1953-இல் பான்டு கல்விச் சட்டம் கொண்டுவந்தது: பள்ளியை ஒப்படை, இல்லையேல் மானியம் இல்லை. லுத்துலி பணியாற்றிய ஆடம்ஸ் கல்லூரி 1956-இல் மூடப்பட்டது. ஒரு பள்ளியின் தரத்துக்கு இதைவிட நல்ல சான்றிதழை எந்தக் கொடுங்கோல் அரசும் எழுதித் தந்ததில்லை.

கேள்வி: அதிக வயதில் பள்ளியில் சேர்ந்தவர் யார்?
– பத்தாம் வகுப்பு மாணவன், தேனி

பதில்: பரவலாகச் சொல்லப்படும் பெயர் கென்யாவின் கிமானி மருகே. 2003-இல் அங்கே தொடக்கக் கல்வி இலவசமானது. 2004-இல், 84 வயதில், சீருடை போட்டு முதல் வகுப்பில் உட்கார்ந்தார். அவர் சொன்ன காரணங்களில் ஒன்று: வேதத்தைத் தாமே வாசித்து, போதகர் சொல்வது சரிதானா என்று பார்க்க வேண்டும். கேட்டுத் தலையாட்டுவதோடு நிற்காமல் சரிபார்க்கவும் துணிபவரே படித்தவர்.

கேள்வி: ஆப்பிரிக்கக் கிராமத்தில் பள்ளி நடத்த எங்கள் சபையில் காணிக்கை சேர்க்கிறார்கள். கொடுக்கலாமா?
– இல்லத்தரசி, நாகர்கோவில்

பதில்: கொடுங்கள். கேட்டுவிட்டுக் கொடுங்கள். கட்டடத்துக்கு மட்டும் பணமா, ஆசிரியர் சம்பளத்துக்கும் உண்டா? முதல் வகுப்புகள் எந்த மொழியில்? பெண் பிள்ளைகளுக்குத் தனிக் கழிப்பறை உண்டா? வேறு மதத்துக் குழந்தை ஜெபத்தில் கலந்துகொள்ளாமலே முழுநாளும் படிக்க முடியுமா? நிர்வாகக் குழுவில் ஊர்ப் பெற்றோர் எத்தனை பேர்? கடைசியாக, இந்தப் பள்ளியின் பொறுப்பு எப்போது ஊராரின் கைக்கு முழுதாகப் போகும்? இதற்கு ஒரு வருடத்தைக் குறிப்பிட்டுப் பதில் சொல்பவர்களுக்கு உங்கள் காணிக்கையை மனநிறைவோடு கொடுங்கள்.