கடைப் பெயர்கள்: தோற்றம், வளர்ச்சி, பாகப்பிரிவினை

தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் பெயரியலுக்கென்று ஓர் இயலையே ஒதுக்கினார். ஆனால் கடைப் பெயர்களைப் பற்றி அதில் ஒரு நூற்பாகூட இல்லை. பின்வந்த உரையாசிரியர்களும் இந்த இடத்தில் வாய் திறக்கவில்லை. பெயர்ப் பலகைக்குச் சதுர அடிக்கு இவ்வளவு என்று அவர்கள் காலத்தில் யாரும் கேட்கவில்லை என்பது சமாதானமே தவிர விளக்கம் ஆகாது. இப்பெருங்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வின் எல்லை தமிழ்நாடு. அதிலும் பெரும்பாலும் சாப்பாட்டுக் கடைகள். ஆய்வாளருக்குப் பசித்த இடங்களே ஆய்வுக் களங்களாக அமைந்தன.

இவ்வாய்வின் கருதுகோள் இது: முதலாளி தன் கடைக்கு இடுவது பெயர் அன்று, விண்ணப்பம். அதை ஏற்பதும் தள்ளுவதும் ஊரின் உரிமை.

சான்றுக்குத் தெருமுனை வரை போனால் போதும். பலகையில் 'ஸ்ரீ பாலமுருகன் ஸ்டோர்ஸ்' என்று இருக்கும். தெருவில் யாரைக் கேட்டாலும் அது 'அண்ணாச்சி கடை'. பலகைப் பெயர் ஜிஎஸ்டி அலுவலகத்துக்கும் வங்கிக்கும் மட்டுமே தெரிந்த இரகசியம். அண்மைக் காலத்தில் மூன்றாவது பெயர் ஒன்றும் சேர்ந்துகொண்டது. கல்லாவில் ஒட்டியிருக்கும் கியூஆர் கோடைக் கைபேசியில் படம் பிடித்ததும் அது தோன்றும்.

"அண்ணாச்சி, தமிழ்ச்செல்வின்னு காட்டுதே?"

"நம்ம வீட்லதான். போடுங்க தம்பி."

ஒருபொருள் குறித்த பலசொல் என்று நன்னூலார் சொன்னது இதைத்தான் என்று துணிவது தவறாகாது.

டீக்கடை ஒரு விதிவிலக்கு. அங்கே பலகையில் ஆளுயரத்துக்கு நிற்பது குளிர்பானக் கம்பெனியின் பெயர். கடையின் பெயர் கீழ் மூலையில் கூனிக் குறுகிக் கிடக்கும். இதைக் கண்டு வருந்த வேண்டியதில்லை. கொடை கொடுத்தவர் பெயரைப் பொறிப்பது நம் கல்வெட்டு மரபு.

இனி வகைப்பாடு. பெயர்ச்சொல் ஆறு வகைப்படும் என்று ஆறாம் வகுப்பிலேயே படித்தோம்: பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில். கடைகளும் இதற்குள் அடங்கிவிடுகின்றன என்பதே இவ்வாய்வின் முதல் கண்டுபிடிப்பு.

பொருட்பெயரில் தெய்வப் பெயர்களே மிகுதி. அவற்றுள்ளும் ஆராயத் தக்கது முனியாண்டி விலாஸ். மதுரை மாவட்டம் திருமங்கலத்தை அடுத்த வடக்கம்பட்டியில் முனியாண்டி கோயில் இருக்கிறது. அந்த ஊர்க்காரர்களும் அவர்களுடைய சொந்தபந்தங்களும் போன ஊரிலெல்லாம் அந்தப் பெயரில் அசைவ ஓட்டல் திறந்தார்கள். ஒரு கடைக்கும் இன்னொரு கடைக்கும் முதலாளி வேறு, மசாலா வேறு, கணக்குப் புத்தகம் வேறு. பெயர் மட்டும் ஒன்று. மேலாண்மைப் படிப்பில் இதற்குப் பிரான்சைஸ் என்று பெயர் வைத்து, முன்பணம், ராயல்டி, ஒப்பந்தப் பத்திரம் என்று பாடம் நடத்துவார்கள். இங்கே பத்திரம் இல்லை. ராயல்டி உண்டு, அது சாமிக்குப் போகிறது. நாள்தோறும் முதல் விற்பனையில் கொஞ்சம் எடுத்து வைத்து, ஆண்டுக்கு ஒரு முறை கடைகளை அடைத்துவிட்டு ஊருக்குப் போய்த் திருவிழா எடுக்கிறார்கள். அண்டா அண்டாவாகப் பிரியாணி வெந்து, அதுவே பிரசாதமாக வழங்கப்படுகிறது. பெயரைத் தவறாகப் பயன்படுத்தினால் வழக்குப் போட வேண்டியதில்லை, முனியாண்டி பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கையில் நடக்கும் வணிகச் சின்னம் உலகில் வேறெங்கும் இருப்பதாக ஆய்வாளருக்குத் தெரியவில்லை.

இடப்பெயரின் தனிச்சிறப்பு, அது அந்த இடத்தில் இருக்க வேண்டியதில்லை என்பது. அடையாறு ஆனந்த பவன் அடையாற்றைத் தாண்டி எங்கெங்கோ போய்விட்டது. கும்பகோணம் டிகிரி காபியோ நெடுஞ்சாலை நெடுகப் பித்தளை டபராவுடன் நிற்கிறது. அதைக் குடிக்கக் கும்பகோணம் போகத்தான் தேவையில்லை. இதற்கு நேர்மாறு, சர்க்காரே ஊரைப் பூட்டிவைக்கும் புவிசார் குறியீடு. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019இலும், கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020இலும், மணப்பாறை முறுக்குக்கு 2023இலும் அது கிடைத்தது. இடப்பெயரிலேயே ஒரு கிளை உண்டு: பழைய கட்டடத்தின் பெயரைக் கடைக்குச் சூட்டிக்கொள்வது. 1938இல் ஓட்டல்காரர் கிருஷ்ண ராவ் சென்னை ராயப்பேட்டையில் குத்தகைக்கு எடுத்த மாளிகைக்கு உட்லண்ட்ஸ் என்று பெயர். ஓட்டலும் உட்லண்ட்ஸ் ஆயிற்று. அந்தப் பெயர் மயிலாப்பூருக்குப் போய் நியூ உட்லண்ட்ஸ் ஆகி, கதீட்ரல் சாலையில் டிரைவ்-இன் ஆகி, 2008இல் அங்கே மூடப்பட்டது. 2010இல் அவ்விடம் செம்மொழிப் பூங்காவானது. பெயர் சொன்ன மரங்கள் இருக்கின்றன, தோசைதான் இல்லை.

காலப்பெயர் இரண்டே: 'நியூ', '19-- முதல்'. ஒன்று வயதைக் குறைக்கும், மற்றது கூட்டும்.

சினைப்பெயரில்தான் இலக்கணச் சிக்கல் எழுகிறது. 1957இல் திண்டுக்கல்லில் நாகசாமி நாயுடு திறந்தது 'ஆனந்த விலாஸ் பிரியாணி ஓட்டல்'. விண்ணப்பம் முறையாகவே இருந்தது. ஆனால் அவர் தலையில் எப்போதும் ஒரு தலைப்பாகை இருந்தது. சாப்பிட வந்தவர்கள் பலகையைப் பார்க்கவில்லை, தலையைப் பார்த்தார்கள். தலப்பாக்கட்டி என்ற பெயர் நிலைத்தது. ஆனந்த விலாஸ் நிராகரிக்கப்பட்டது. தலைப்பாகை உடலின் உறுப்பா, அணியா, அதைச் சினையில் சேர்க்கலாமா என்று புலவர்கள் வாதிடலாம். அவர்களுக்கு முன்பே வழக்கறிஞர்கள் வாதிட்டுவிட்டார்கள்: 'தலப்பாக்கட்டி'க்கும் 'தலப்பாக்கட்டு'வுக்கும் உள்ள வேறுபாட்டைச் சென்னை உயர் நீதிமன்றமே ஆராய வேண்டி வந்தது. ஈற்றில் வரும் இகரத்துக்கும் உகரத்துக்கும் இவ்வளவு பண மதிப்பு இருப்பது புணரியல் படித்த காலத்தில் தெரிந்திருந்தால் நம்மில் பலர் இன்னும் அக்கறையாகப் படித்திருப்போம்.

குணப்பெயருக்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டு திருநெல்வேலியில், நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே இருக்கிறது. சாயங்காலம் மட்டும் திறக்கும் அந்த அல்வாக் கடையில் வெளிச்சம் போதாது. ஊர் அதை இருட்டுக்கடை என்றது. ஒரு கடையின் குறையையே பெயராக்கி, அந்தப் பெயரையே வரிசையில் நின்று வாங்கும் பொருளாக்கிய சாதனை எந்த விளம்பர நிறுவனத்துக்கும் வாய்க்காது. ஆலோசகர் ஒருவரை அமர்த்தியிருந்தால் முதல் வேலையாக டியூப்லைட் போடச் சொல்லியிருப்பார்.

இன்னொரு குணப்பெயர் 'ஒரிஜினல்'. பலகையில் இச்சொல் தோன்றினால் அதே தெருவில் அதே பெயரில் இன்னொரு கடை இருக்கிறது என்பது விதி. அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் நிலத்தை அளக்கலாம், பாத்திரத்தை எண்ணலாம். பெயரை வெட்ட முடியாது. எனவே அண்ணன் 'பழைய' என்று சேர்ப்பார். தம்பி 'ஒரிஜினல்' என்பார். சித்தப்பா மகன் 'நியூ' என்று தொடங்குவார். கடைசியில் எல்லாக் கடைகளிலும் ஒரே வாசகம் தொங்கும்: 'எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை'. இது பெயரா, வாக்குமூலமா என்பது தனி ஆய்வுக்குரியது.

தொழிற்பெயருக்கு ஒரே சான்று போதும்: கையேந்தி பவன். தட்டைக் கையில் ஏந்தி நின்றபடி சாப்பிடும் தள்ளுவண்டிக்கு மக்கள் சூட்டிய பெயர். தமிழ்நாட்டின் மிகப் பெரிய உணவகச் சங்கிலி இதுதான். தலைமை அலுவலகம் இல்லை, பலகை இல்லை, கிளைகளை எண்ணியவர் இல்லை.

அடுத்து எண்கணிதம். கால்டிய முறை என்று சொல்லப்படுவதில் ஆங்கில எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 8 வரை ஒரு மதிப்பு. 9 எந்த எழுத்துக்கும் இல்லை, கூட்டினால்தான் வரும். கடை தமிழ்க் கடை, பெயர் தமிழ்ப் பெயர், சாமி தமிழ்ச் சாமி. கணக்கு மட்டும் ஆங்கில எழுத்துக்கு. பலகையில் தமிழ் ஒழுங்காக இருக்க, ஆங்கிலத்தின் வாலில் வேண்டாத ஒரு 'ஏ' தொங்குவதன் காரணம் இதுவே. இந்த முறையின்படி ஆய்வாளர் காலை டிபனைக் கணக்கிட்டுப் பார்த்தார். இட்லியை ஆங்கிலத்தில் 'ஐ'யில் முடிப்பதா 'ஒய்'யில் முடிப்பதா என்பது நெடுநாள் சண்டை. இரண்டு எழுத்துக்கும் மதிப்பு 1. எப்படி எழுதினாலும் கூட்டுத்தொகை 9. பொங்கல் 27, அதாவது 9. காபி 36, அதுவும் 9. முடிவுகள் இதுவரை நம் மரபுக்கு ஆதரவாகவே வந்தன. பூரியில் அதிர்ச்சி காத்திருந்தது. அதை ஒற்றை 'யு' போட்டு எழுதினால் 17; கூட்டினால் சனி பகவானின் 8. அந்த 'யு'வை எடுத்துவிட்டு இரண்டு 'ஓ' போட்டால் 25, அதாவது 7. பூரி தப்பித்தது. சாம்பார் வெறுமனே 4. நடுவில் ஒரு 'ஹெச்' செருகினால் 9. பிரியாணியில் ஓர் 'ஐ' குறைந்தால் 4, கூடினால் 5. வியாபாரத்துக்கு 5 தான் நல்லது என்பார்கள். மெனு அட்டையில் எழுத்துப்பிழை என்று இவ்வளவு நாளும் நாம் சிரித்ததெல்லாம் ஆழ்ந்த கணக்கின் விளைவாக இருக்கக்கூடும். அச்சுப்பிழை என்ற எளிய விளக்கமும் உண்டு. ஆய்வுக் கட்டுரைக்கு அது போதாது.

இனிச் சட்டம். கடைப் பலகையில் தமிழ் முதலிடம் பெற வேண்டும், எழுத்தின் அளவில் தமிழ் 5 பங்கு, ஆங்கிலம் 3, வேறு மொழி 2 என்பது தமிழ்நாட்டு விதி. 'சூப்பர் மார்க்கெட்' என்பதைத் தமிழ் எழுத்தில் 5 பங்கு பெரிதாக எழுதி விதியை நிறைவேற்றியவர்கள் ஏராளம். யாழ்ப்பாணத்தில் பேக்கரிக்கு வெதுப்பகம் என்று எழுதிவிட்டுப் பாண் விற்கிறார்கள். இங்கே அடுமனை என்று எழுதினால் உள்ளே என்ன கிடைக்கும் என்று எட்டிப் பார்த்துக் கேட்கிறார்கள்.

வணிகச் சின்னச் சட்டம், 1999 இதைவிட இலக்கணமானது. அதன் 9ஆம் பிரிவைப் படித்தவர்கள், இதை வரைந்தவர் நன்னூல் படித்தவரோ என்று ஐயுறுவர். பொருளின் தரத்தையோ வகையையோ ஊரையோ மட்டும் சொல்லும் காரணப்பெயருக்குப் பதிவு கிடைப்பது கடினம், இடுகுறிப்பெயருக்கு எளிது. 'சுவையான இட்லி' என்று பதியப் போனால் திருப்பி அனுப்புவார்கள். பெயருக்கும் பொருளுக்கும் சம்பந்தமே இல்லாதிருப்பது நல்லது. ஆய்வெல்லையை மீறி ஒரு சான்று: ஊரெல்லாம் பெண் பிள்ளைகள் டியூஷனுக்கு ஓட்டிப் போன பிஎஸ்ஏ சைக்கிளின் விரிவு பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ். துப்பாக்கிக் கம்பெனி. ஒரு தகப்பனாரும் ஆட்சேபிக்கவில்லை.

ஆனால் காரணப்பெயருக்கும் ஒரு வாசல் உண்டு. நெடுநாள் புழங்கி, அந்தப் பெயர் சொன்னாலே அந்தக் கடைதான் என்று மக்கள் அடையாளம் காணும் நிலை வந்தால் சட்டமும் ஏற்கும். ஊர்தான் பெயர் வைக்கிறது என்ற நம் கருதுகோளை நாடாளுமன்றமே வழிமொழிந்திருப்பதை ஆய்வாளர் பணிவுடன் சுட்டிக்காட்ட விரும்புகிறார்.

எனவே கடை திறக்கவிருப்போருக்கு ஒரு சொல். பலகைக்காரருக்கு முன்பணம் கொடுக்க அவசரப்படாதீர்கள். முதலில் கடையைத் திறந்து, ஊர் உங்களை என்ன சொல்லிக் கூப்பிடுகிறது என்று காதைத் தீட்டிக் கேளுங்கள். அந்தப் பெயர் வெளியில் சொல்லத் தக்கதாக இருந்தால், கிண்டியில் உள்ள வணிகச் சின்னப் பதிவகத்தில் விண்ணப்பியுங்கள். 45 வகுப்புகளில் ஓட்டலுக்கு உரியது 43. தனிநபர் இணையத்தில் விண்ணப்பித்தால் கட்டணம் 4,500 ரூபாய். பதிவு 10 ஆண்டு செல்லும், புதுப்பித்துக்கொண்டே போகலாம். ஆனால் உங்கள் விண்ணப்பம் முதலில் பதிவகத்தின் இதழில் வெளியாகும். ஆட்சேபம் தெரிவிக்க உங்கள் தம்பிக்கு 4 மாத அவகாசம் உண்டு.