தாழம்பூ சொன்ன சாட்சி

எங்கள் ஊரில் படம் எடுப்பது சுலபம், அழிப்பதுதான் கஷ்டம். திருவண்ணாமலையில் மலையே சுவாமி. மாட வீதியில் நின்று எடுத்தாலும், கிரிவலப் பாதையில் 14 கிலோமீட்டரும் நடந்து நடந்து எடுத்தாலும், ஓரத்தில் மலை வந்து நிற்கும். கை நடுங்கி மங்கலாக விழுந்த படத்தையும் அழிக்க மனசு வராது. சுவாமியை ரீசைக்கிள் பின்னுக்கு அனுப்பிவிட்டு எந்த முகத்தோடு சன்னதிக்குப் போவது?

இப்படிப் பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலைகள் குவிந்தன. கார்த்திகை தீபத்துக்குத் தனி ஃபோல்டர். 2,668 அடி உயரத்தில் எரியும் தீபம் என் போனில் ஒரு மஞ்சள் புள்ளி. அந்தப் புள்ளியை வருஷம் தவறாமல் ஐம்பது அறுபது தடவை எடுத்திருக்கிறேன்.

போன மாதம் டிஸ்க்கில் இடமில்லை என்றது கம்ப்யூட்டர். "ஏங்க, அந்த மலையைக் கொஞ்சம் இறக்கி வைக்கக் கூடாதா?" என்றாள் மனைவி. போட்டோ மென்பொருளைத் திறந்தேன். எல்லாப் படமும் வரிசையாகப் பளிச்சென்று இருந்தது. மூலவர் இங்கே இருக்கிறார், டி டிரைவில் கிடக்கும் ஃபோல்டர் வெறும் நகல் என்று தீர்மானித்தேன். ஷிஃப்டை அழுத்திக்கொண்டு டெலீட்டைத் தட்டினேன். ஐபோனில் அழித்த படம் 30 நாள் வரை காத்திருக்கும். ஷிஃப்டுக்கு அந்தக் கருணையெல்லாம் கிடையாது.

மறுவாரம் மகள் வந்தாள். "அப்பா, ஆயா கிரிவலம் போன படத்தைப் பெரிசா ஃபிரேம் போடணும்." கிளிக் செய்தேன். ஒரிஜினலைக் காணவில்லை என்றது. அந்த மென்பொருளிடம் இருந்ததெல்லாம் ஒவ்வொரு படத்தின் விலாசமும் நகத்தளவு தம்ப்நெயிலும்தான். விலாசத்தில் இருந்த வீட்டை நான் இடித்துவிட்டேன். தம்ப்நெயிலையே பெரிதாக்கிக் கொடுத்தோம். "சார், அம்மா முகம் மொசைக் தரை மாதிரி வருது" என்றார் ஸ்டுடியோக்காரர்.

இந்த ஊர்க்காரன் ஏமாந்திருக்கவே கூடாது. அன்னமாகப் பறந்தும் சிவனின் முடியைக் காணாத பிரம்மா, பார்த்ததாகச் சொல்லத் தாழம்பூவைச் சாட்சிக்கு அழைத்த தலமல்லவா இது? என் தாழம்பூ தம்ப்நெயில். பொய்க்குத் தண்டனையாகப் பிரம்மாவுக்குக் கோயில் இல்லாமல் போனது. எனக்கு ஒரு வாரம் காபி இல்லாமல் போனது.

ரமண மகரிஷியின் கடைசி நாட்களில், 1950 ஏப்ரலில், இதே ஊரில் கேமராவோடு இருந்தவர் பிரான்ஸின் புகைப்படக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே-ப்ரெஸோன். இரண்டாம் உலகப் போர் தொடங்கிய சமயம் தன் நெகடிவ்களை உட்கார்ந்து பார்த்து, தேறாதவற்றை அழித்துவிட்டு, தேறியவற்றை பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்த மனிதர். அவருக்கு ஒரிஜினல் எது என்று தெரிந்திருந்தது; டப்பாவை அசைத்தால் சத்தம் கேட்டிருக்கும்.

அம்மாவோடு கிரிவலம் நடந்த உறவினர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் போனில் படம் இருந்தால் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் போட்டோவாக வேண்டாம், அது சுருக்கிவிடும். டாக்குமென்டாக அனுப்புங்கள். மலை இல்லாவிட்டாலும் பரவாயில்லை.