காதல் புகுந்த துப்பறியும் கதை

கேள்வி: 'ரிவர்ஸ் ஆஃப் லண்டன்' பிடித்திருந்தது. இரண்டாம் நாவலில் காதல் புகுந்துவிட்டதாமே, படிக்கலாமா?

பதில்: தாராளமாக! 'மூன் ஓவர் சோஹோ'வையும் முதல் நாவல் வந்த அதே 2011-லேயே தந்துவிட்டார் பென் ஆரனோவிச். மந்திரம் பயிலும் போலீஸ்காரர் பீட்டர் கிரான்ட் பிணத்தின் மேல் குனிகிறார்; 'பாடி அண்ட் சோல்' என்ற ஜாஸ் மெட்டு கேட்கிறது! அப்பா ஜாஸ் கலைஞராயிற்றே, பிள்ளைக்கு மெட்டு பிடிபடாமல் போகுமா? அந்த ஒரு இடத்துக்கே புத்தகத்தை வாங்கலாம். சிமோன் என்ற பெண்ணுடன் பீட்டருக்கு வரும் காதல் முதலில் இடைச்செருகலாகத்தான் தோன்றும். பக்கங்களைத் தள்ளிவிடாதீர்கள், துப்பு அங்கேதான் ஒளிந்திருக்கிறது. எனக்கு மனசு ஆறாதது பீட்டரின் சக போலீஸ்காரி லெஸ்லி விஷயத்தில்தான். முகம் சிதைந்து அவள் முடங்கிக் கிடக்க, பீட்டருக்கு இங்கே என்ன சல்லாபம்?